தானே தணியும் வெப்பக் கேபிள்

தொழிற்சாலைக் குழாய்களில் ஓடும் திரவங்கள் எல்லாம் நீரைப் போல 0 டிகிரி வரை நீர்மமாகவே இருப்பவை அல்ல. 50 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசல் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசிலும், தூய அசெட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலும், ஃபீனால் ஏறத்தாழ 41 டிகிரியிலும் உறைந்துவிடுவதால், பனியே பெய்யாத ஊர்களிலும் இவற்றின் குழாய்களையும் தொட்டிகளையும் சூடாக வைத்திருக்க வேண்டியுள்ளது. திரவத்தைப் புதிதாகச் சூடேற்றுவது இங்கே நோக்கமன்று. குழாய்ச் சுவரின் வழியே வெளியேறும் வெப்பத்தை அவ்வப்போது ஈடுசெய்வதே நோக்கம்.

முன்பு இதற்காகக் குழாயை ஒட்டி நீராவிச் சிறுகுழாய்களை ஓட்டினர். பின்னர் நிக்ரோம் போன்ற தடைக்கம்பி கொண்ட மின்கேபிள்கள் வந்தன. அவை சூழல் எப்படியிருப்பினும் ஒரே அளவு வெப்பத்தையே உமிழ்வதால், வால்வுகளில் சுற்றும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடத்தில் வெப்பம் தேங்கி, கேபிளே கருகிவிடும் இடர் இருந்தது.

அமெரிக்காவின் ரேகெம் நிறுவனம் 1970களில் சந்தைக்குக் கொண்டுவந்த தன்கட்டுப்பாட்டுக் கேபிள் இந்த இடருக்கு விடையளித்தது. இதில் இணையாக ஓடும் இரண்டு செப்புக் கம்பிகளுக்கு நடுவே, கார்பன் கரித்தூள் கலந்த பாலிமர் உள்ளகமாக அமைகிறது; கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல மட்டுமே, வெப்பம் பிறப்பது இந்தக் கருநிறப் பிளாஸ்டிக்கில்தான். குளிர்ந்த நிலையில் பாலிமர் சுருங்கியிருப்பதால் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு எண்ணற்ற மின்வழிகளை உண்டாக்குகின்றன. சூடேறும்போது பாலிமரின் படிகப் பகுதிகள் உருகி விரிய, துகள்கள் விலகி, வழிகள் அறுபட்டு, மின்தடை உயர்ந்து வெப்பம் குறைகிறது. இந்த விரிவும் சுருக்கமும் ஆயிரக்கணக்கான முறை நிகழ்ந்தும் பாலிமர் தன் வடிவத்தை இழக்காதிருக்க, அதன் மூலக்கூறுகள் பெரும்பாலும் கதிர்வீச்சால் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. ஒரே கேபிளில் நிழலில் கிடக்கும் பகுதி மிகுதியாகவும் வெயில் படும் பகுதி குறைவாகவும் வெப்பம் தருவது, சூட்டுக்கேற்ப மின்தடை இவ்வாறு மாறுவதால்தான். எந்தக் கருவியின் ஆணையும் இன்றி, பொருளின் இயல்பே ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

உள்ளகத்தின் ஒவ்வொரு துண்டும் தனித்த மின்சுற்றாக இருப்பதால், வேலையிடத்திலேயே வேண்டிய நீளத்துக்கு இதை வெட்டிக்கொள்ளலாம்; ஆனால் கடைமுனையில் இரு செப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கினால் நேரடிக் குறுக்குச்சுற்று ஏற்படும் என்பதால், அவற்றைத் தனித்தனியே காத்து மூடி முத்திரையிட வேண்டும். பெயரைக் கொண்டு இது தேவையற்றபோது முற்றிலும் அணைந்துவிடும் என்று கருதுவது தவறு. வெப்பம் குறையுமேயன்றி நிற்காது. மின்செலவைக் குறைக்க வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்படவே செய்யும். குளிர்ந்த கேபிளில் மின்தடை குறைவாக இருப்பதால் தொடக்கத்தில் பெருமின்னோட்டம் பாயும் என்பதையும் கணக்கிட்டே பிரேக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவை அனைத்தினும் முதன்மையானது குழாயின்மேல் சுற்றும் வெப்பக் காப்பு. அது நனைந்தோ கிழிந்தோ இருந்தால் எவ்வளவு நல்ல கேபிளும் ஈடுகொடுக்காது.

நீளத்துக்கும் எல்லை உண்டு. மெழுகு மிகுந்த ராஜஸ்தான் மங்களா வயல் கச்சா எண்ணெயை 65 டிகிரிக்கு மேல் வைத்தபடி குஜராத் கரைக்கு எடுத்துச்செல்லும் சுமார் 670 கிலோமீட்டர் குழாய்ப்பாதையில் இந்தக் கேபிளைப் பயன்படுத்த இயலாமல், இரும்புக்குழலின் உட்பரப்பில் மாறுமின்னோட்டம் ஒதுங்கிப் பாய்வதால் பிறக்கும் வெப்பத்தை நாடும் முறை கையாளப்பட்டுள்ளது.