லெவிட்டவுன், நியூயார்க்

லெவிட்டவுன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் தீவின் நாசோ கவுண்டியில் அமைந்துள்ள ஒரு புறநகர்க் குடியிருப்பு ஆகும். லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1947 முதல் 1951 வரை இங்கு 17,447 வீடுகளைக் கட்டியது. நிலத்தை வாங்கி, மனை பிரித்து, வீடு கட்டி விற்றது ஒரே நிறுவனம் என்பதால், அங்கு யார் குடியிருக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது.

நிலம் கைமாறிய வரலாறு

இவ்விடம் ஹெம்ப்ஸ்டெட் சமவெளி எனப்பட்ட பரந்த புல்வெளியின் பகுதியாகும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் குடியேறிய பின்னர், இச்சமவெளி நெடுங்காலம் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமாக இருந்தது. தமிழ்நாட்டின் மேய்ச்சல் புறம்போக்கை ஒத்தது எனலாம். 1869இல் ஊரார் இச்சமவெளியில் 7,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அலெக்சாண்டர் டி. ஸ்டூவர்ட் என்ற நியூயார்க் வணிகருக்கு விற்றனர். 1940களில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பெயருடன் இருந்த இவ்விடத்தில் உருளைக்கிழங்கு வயல்களே மிகுந்திருந்தன. கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் ஒரு வகை நூற்புழு அவ்வட்டாரத்தில் 1941இல் கண்டறியப்பட்டது. உழவர்கள் நிலத்தை விற்க முன்வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வீடுகள்

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாயிருந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. இச்சூழலில் 2,000 வாடகை வீடுகள் கட்டும் திட்டத்தை லெவிட் நிறுவனம் 1947இல் அறிவித்தது. நிலவறை இன்றி, காங்கிரீட் தளத்தின் மீது வீடு எழுப்ப அன்றைய உள்ளூர் விதிகள் இடந்தரவில்லை. வீரர்களின் நெருக்கடி கருதி அவை திருத்தப்பட்டன. வேலை ஏறத்தாழ 27 படிகளாகப் பிரிக்கப்பட்டது. தொழிற்சாலையில் பொருள் நகரும், ஆள் நிற்பான். இங்கோ வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தனர். வேலை உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன. 1949 முதல் 7,990 டாலருக்கு வீடுகள் விற்கப்பட்டன.

ஒப்பந்தத்தின் 25ஆம் பிரிவு

தொடக்ககால வாடகை ஒப்பந்தத்தின் 25ஆம் பிரிவு, வெள்ளையினத்தவர் அல்லாதோர் அவ்வீடுகளில் குடியிருப்பதைத் தடை செய்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. போரில் ஈடுபட்ட கறுப்பின வீரர்களுக்கும் இத்தடை பொருந்தியது. லெவிட் குடும்பத்தினர் யூதர்கள். தாமும் இனப்பாகுபாட்டை அறிந்தவர்களே. ஆயினும் பழியை நிறுவனத்தின் மீது மட்டும் சுமத்துவது முறையன்று. கடன்களுக்குக் காப்புறுதி வழங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமே, இத்தகைய நிபந்தனைகளைத் தன் 1938ஆம் ஆண்டுக் கையேட்டில் பரிந்துரைத்திருந்தது.

1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இவ்வகை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஒப்பந்தத்திலிருந்து அப்பிரிவு நீங்கியது. ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்ற நடைமுறை நீங்கவில்லை. வீடு விற்பனையில் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் வீடுகளின் விலை உயர்ந்துவிட்டது. முதலில் வாங்கியோருக்கு அது சொத்தாயிற்று, வெளியே நிறுத்தப்பட்டோருக்குக் கைக்கெட்டாத விலையாயிற்று. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதும் லெவிட்டவுன் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஒரு விழுக்காட்டை எட்டவில்லை.