சான்சிபார் பயணம்: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குப் போக நினைப்பவர்கள் விடுதி தேடும் முன் காற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். டிசம்பரிலிருந்து வீசும் வடகிழக்குக் காற்றுக்கு அங்கே 'கஸ்காசி' என்று பெயர். அரேபிய, குஜராத்திப் பாய்மரக் கப்பல்கள் அதில்தான் வந்து சேர்ந்தன. தெற்கிலிருந்து 'கூசி' எழுந்ததும் ஊர் திரும்பின. காற்று திரும்பும்வரை தங்கிய வணிகர்கள் கரையோர ஆப்பிரிக்க மக்களோடு கொண்ட உறவில் செழித்ததுதான் சுவாஹிலிப் பண்பாடு.

காற்று திரும்பும் காலமான மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை அடைமழை. பல விடுதிகள் மூடியே கிடக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை வெயில் இதம், மழை குறைவு. ரமலான் மாதம் என்றால் பகலில் பொது இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.

அடுத்தது ஓதம். கிழக்குக் கரையின் பாஜே, ஜம்பியானியில் வற்றத்தின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும், நீந்த முடியாது. ஆனால் அந்த நேரத்தில்தான் பெண்கள் கடற்பாசிக் கயிறுகளைப் பராமரிக்க இறங்குவார்கள். எந்நேரமும் நீந்த வேண்டுமென்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா.

விசாவை இணையத்திலேயே வாங்கலாம். 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் சான்சிபார் அரசின் பயணக் காப்பீட்டையும் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 44 டாலர். தான்சானியப் பெருநிலத்தின் தாருஸ்ஸலாமிலிருந்து தீவுக்கு விரைவுப் படகில் சுமார் 2 மணி நேரம்.

பலரும் தீவின் பழைய நகரான ஸ்டோன் டவுனுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். அது போதவே போதாது. 2 இரவாவது தங்குங்கள். 2000-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. பித்தளைக் குமிழ் பதித்த கதவுகளில் இந்தியத் தச்சுவேலையின் சாயல் தெரியும். ஃபொரோதானி பூங்காவில் இருட்டியதும் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும். பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும் புளிப்பான மஞ்சள் குழம்பு, 'உரோஜோ', கட்டாயம் சாப்பிட வேண்டியது. 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று ஆங்கிலிக்கத் தேவாலயம் நிற்கிறது. அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். இத்தீவின் செல்வத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அங்கேதான் உறைக்கும். பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர் என்பதால் தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம்.

ஊரின் இசை தாராப். அதன் பெரும் பாடகி சித்தி பின்தி சாத் 1928-இல் பம்பாய்க்கு வந்து இசைத்தட்டுப் பதிவு செய்தார். இன்று தாராபைக் கற்பிக்கும் தோவ் கன்ட்ரீஸ் மியூசிக் அகாடமி கச்சேரிகளும் நடத்துகிறது. கச்சேரி எந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரித்து, ஸ்டோன் டவுனில் தங்கும் இரவுகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.