தீச்சுவருக்கு முன்னே வரும் கங்குகள்

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில் மூண்ட ‘கேம்ப்’ தீ, பாரடைஸ் என்னும் சிற்றூரைப் பெருமளவு அழித்து, 85 உயிர்களையும் 18,000க்கு மேற்பட்ட கட்டடங்களையும் பலிகொண்டது. அதன்பின் எடுக்கப்பட்ட படங்களில், வீடுகள் அடித்தளம் மட்டும் எஞ்சச் சாம்பலாகியிருக்க, அவற்றை ஒட்டி நின்ற ஊசியிலை மரங்கள் பல பச்சை மாறாமல் நின்றன. காடு எரிந்துகொண்டே வந்து வீட்டை விழுங்கியது என்ற வழக்கமான எண்ணத்தைக் கொண்டு இக்காட்சியை விளக்க இயலாது.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இக்கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டவர். 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில், ஆய்வுக்கென வேண்டுமென்றே உச்சித்தீ, அதாவது மரங்களின் தலைப்பகுதி வழியே தாவிச் செல்லும் தீ, மூட்டப்பட்டபோது, காட்டின் விளிம்பிலிருந்து வெவ்வேறு தூரங்களில் மரச்சுவர்கள் நிறுத்தப்பட்டன. 10 மீட்டரில் நின்றவற்றுள் சில பற்றிக்கொண்டன. 20, 30 மீட்டர்களில் நின்ற எதுவும் பற்றவில்லை. தீயிலிருந்து அலைகளாகப் பரவும் கதிர்வீச்சு வெப்பம் தூரம் கூடக்கூட விரைந்து குறைவதும், ஓரிடத்து மரங்கள் முழு வேகத்தில் எரியும் நேரம் ஒன்றிரண்டு நிமிடங்களே என்பதும், அந்தக் குறுகிய நேரத்தில் மரப்பலகை பற்றுமளவு சூடேறுவதில்லை என்பதும் இதற்குக் காரணங்கள்.

அப்படியாயின் வீடுகளுக்குத் தீ வைப்பவை பெரும்பாலும் கங்குகளே. எரியும் பட்டை, சுள்ளி, கூம்புக்காய் ஆகியவற்றின் துண்டுகள் தீயின் வெப்பக் காற்றால் மேலெழுந்து, பலத்த காற்றில் நெடுந்தூரம் பறந்து, தீ வருவதற்கு முன்னரே ஊருக்குள் இறங்குகின்றன. தீ கடந்த பின்னும் மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைக் கொன்ற 2009 பிப்ரவரி 7ஆம் நாள் தீயில், கங்குகள் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் புதிய தீயை மூட்டின. அந்நாட்டு யூக்கலிப்டஸ் மரங்களின் பட்டை நீண்ட நாடாக்களாக உரிந்து பறக்க வல்லது. தைலமரம் என்ற பெயரில் நீலகிரிக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்து பரவியவை அம்மரத்தின் இனங்களே என்பதைத் தமிழ் வாசகர் இங்கு நினைவுகூரலாம்.

கங்கு தனித்துப் பெரும் சேதம் செய்வதில்லை. அதற்கு எளிதில் பற்றும் ஏதேனும் ஒன்று தேவை. கூரை விளிம்பில் மழைநீர் வடிவதற்கு அமைத்த தகர வாய்க்காலில் தேங்கிய சருகு, மரத்தாலான திறந்த தளத்தின் அடியில் சேர்ந்த குப்பை, சுவரோரம் அடுக்கிய விறகு, செடிகளுக்கு மூடாக்காகப் பரப்பிய மரப்பட்டைத் துண்டுகள், வாசலில் கிடக்கும் நார்மிதியடி ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. வீட்டின் சுவரைத் தொட்டபடி நிற்கும் மரவேலி தீயை நேரே சுவருக்கு அழைத்து வரும் திரியாகிறது. மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலான வெளிக்குக் காற்றோட்டம் தரும் துளைகள் வழியே கங்கு புகுந்துவிட்டால், வெளியே எவ்வித அறிகுறியும் தெரியாமல் வீடு உள்ளிருந்து எரியத் தொடங்கும். அதனால்தான் அத்துளைகளைச் சுமார் 3 மில்லிமீட்டர் கண்கள் கொண்ட உலோக வலையால் மூடுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

ஆகவே காட்டை வெகுதூரம் வெட்டித் தள்ளுவதைவிட, சுவரிலிருந்து முதல் 1.5 மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இல்லாமல் சரளைக்கல்லோ சிமெண்ட் தளமோ மட்டும் இருக்குமாறு பார்த்துக்கொள்வது கூடுதல் பயன் தரும். அதற்கு அப்பால் 30 மீட்டர் வரை புல்லைக் குட்டையாக வெட்டுவதும், தரைத்தீ மரத்தில் ஏறாதவாறு தாழ்ந்த கிளைகளைக் கழிப்பதும் போதுமானவை. சரிவான நிலத்தில், தீ மேல்நோக்கி விரைவதால், இத்தூரம் கூட வேண்டும். கலிஃபோர்னியா சட்டமன்றம் அந்த முதல் வளையத்தைத் தனி மண்டலமாக்கும் சட்டத்தை 2020இல் நிறைவேற்றியும், சன்னலோரச் செடிகளைக்கூட அகற்றுவதா என்ற எதிர்ப்பால் விதிகள் வகுப்பது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது வருந்தத்தக்கது.

வீட்டைக் கட்டும்போதே தீயைக் கணக்கில் கொள்ளும் வழக்கத்தை ஆஸ்திரேலியா முறைப்படுத்தியுள்ளது. மனையின் சரிவையும் தாவர வகையையும் காட்டிலிருந்துள்ள தூரத்தையும் கொண்டு, சுவரின் ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோவாட் வெப்பம் விழக்கூடும் என்று மதிப்பிட்டு, 12.5, 19, 29, 40 என்ற படிகளாகவும், அதற்கும் மேல் தீச்சுடரே தொடும் நிலையாகவும் அதன் கட்டடத் தரநிர்ணயம் பிரிக்கிறது. நண்பகல் வெயிலின் அளவு ஏறத்தாழ 1 கிலோவாட் என்பதை ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும். படி உயர உயரக் கண்ணாடியின் தடிமனும் கதவின் பொருளும் மாறுகின்றன.

ஆயினும் ஒரு வீடு பற்றிக்கொண்டால், மரத்தைப் போலன்றி மணிக்கணக்கில் எரிந்து, அடுத்த வீட்டின் கண்ணாடியை உடைத்து அதையும் பற்றவைக்கும். பாரடைஸ் ஊரில் பல வீடுகள் இவ்வாறே அழிந்தன. எனவே ஒருவர் தம் மனையை எவ்வளவு செம்மையாக வைத்திருந்தாலும் பக்கத்து மனையின் சருகு அவர் வீட்டுக்கும் கேடாகக்கூடும். கூரையேறிச் சருகு அள்ளும் வேலை ஆண்டுதோறும் தீக்காலத்துக்கு முன் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. தனித்து வாழும் முதியோரால் அது இயலாது என்பதால், அவர்களின் வீடுகளுக்கு அவ்வேலையை ஊராட்சியே செலவேற்றுச் செய்து தருவது, தீக்குப் பின் வழங்கும் நிவாரணத்தைவிட மலிவானதும் மனிதத்தன்மை மிக்கதும் ஆகும்.