மலையக இல்லத்துக்கு ஏற்ற அபாய மணி எது?

வீட்டுக்கு அபாய மணி வாங்குவது என்றதும் கள்வன் ஒருவனே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றான். கடைக்காரரும் அவனைக் காட்டியே பண்டத்தை விற்கின்றனர். கொழும்பிலே தொழில் பார்க்கும் மகன், திம்புள்ளப் பகுதியின் லயக் காம்பராவில் தனித்திருக்கும் தாய்க்குத் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கருவி அனுப்ப விழைவது போற்றத்தக்கதே. ஆயினும், எந்த ஆபத்துக்காக அந்த மணி ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த பின்னரே பணப்பையைத் திறத்தல் நன்று.

பெரட்டுக்கு அழைத்த தப்பையும் தொழிற்சாலைச் சங்கையும் கேட்டு வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு, ஓசையால் செய்தி சொல்லும் முறை புதிதன்று. மின்சார அபாய மணிக்கு 1853இல் அமெரிக்காவில் ஒகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்றுப் பூர்த்தியாகி மணி அடிக்கும் என்பதே அதன் தத்துவம். இன்று மலிவாகக் கிடைக்கும் கதவு மணியும் அதன் வழித்தோன்றலே. கதவிலே காந்தத் துண்டொன்றும் நிலையிலே சிறிய ஆளியொன்றும் பொருத்தப்படும். இரண்டும் விலகியதும் கருவி ஓலமிடும். பற்றரியில் இயங்குவதால் மின்வெட்டு இதனைப் பாதிக்காது. கள்வர் பயத்துக்கு இதுவே போதுமென்பது நமது கருத்து. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிச் சரியாக மூடாவிடின் காரணமின்றிக் கத்தும். ஆகவே கதவைச் சீவிச் செப்பனிட்ட பின்னர் பொருத்துதல் வேண்டும்.

அசைவறியும் கருவி சற்று விலை கூடியது. நடமாடும் உடலின் வெப்பத்தை உணர்ந்து அது ஒலிக்கும். ஆனால் வீட்டுப் பூனைக்கும் இஸ்தோப்பிலே படுக்கும் நாய்க்கும் வெப்பம் உண்டன்றோ? கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் கமராக்களோ இணைய இணைப்பையும் மின்சாரத்தையும் நம்பியிருப்பவை. மலை மடிப்புக்குள் அலைவரிசை எட்டாத இடத்தில் அவை வெறும் அலங்காரமே. அலைவரிசை எட்டினும், கொழும்பிலிருக்கும் மகனுக்குச் செய்தி போய்ப் பயனென்ன? அடுத்த காம்பராக்காரர் காதில் விழும் ஊளையே உடனடி உதவியைக் கொண்டுவரும்.

லயங்களைப் பொறுத்தவரை, கள்வனைவிட நெருப்பே பெரிய பகைவன் என்று துணிந்து கூறலாம். தொடராக அமைந்த கூரையின்கீழ், இடைச்சுவர் முகட்டைத் தொடாத இடங்களில், ஒரு வீட்டில் மூண்ட தீ கூரைவழியே அடுத்தடுத்த வீடுகளுக்குத் தாவுகின்றது. உடுத்த உடையோடு குடும்பங்கள் வெளியேற நேர்ந்த செய்திகளை நாம் எத்தனை தடவை வாசித்திருக்கின்றோம்! பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்தே சாம்பலாகிவிடுகின்றன. உறங்குபவரின் மூக்கு புகையை உணர்ந்து எழுப்பும் என்று நம்பியிருத்தல் தவறு. உறக்கத்திலே மோப்பம் மந்தமாகிவிடும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது புகை உணர் கருவியே. இதில் இருவகை உண்டு. ஒளிக்கதிரால் புகையை அறிவது ஒருவகை. அயனாக்கத்தால் அறிவது மற்றொன்று. பின்னையது சமையற் புகைக்கும் எளிதில் அலறும். விறகடுப்பு எரியும் நம் வீடுகளுக்கு முன்னையதே பொருந்தும். அதனையும் அடுப்பங்கரையில் மாட்டாது, படுக்கும் அறையின் மேற்பாகத்தில் மாட்டுதல் வேண்டும். சமையலறைக்குத்தான் வேண்டுமெனின் வெப்ப உணர்கருவி உண்டு. பொதுவாக 57 பாகை செல்சியஸ் அளவில் அது ஒலிக்கும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்கவும், பத்து ஆண்டுகளில் கருவியை மாற்றவும் மறத்தலாகாது. தொல்லை தருகிறதென்று பற்றரியைக் கழற்றி வானொலிக்குப் போடுவோரும் உளர். அவர்களுக்கு எக்கருவியும் உதவாது.

சமையல் வாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆதலால் வாயு உணர்கருவியைத் தரைக்கு அண்மையிலேயே பொருத்த வேண்டும். தை, மாசிக் குளிரில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்கும் வழக்கம் மிகக் கொடியது. அப்போது எழும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதற்கென உள்ள கருவி விலையுயர்ந்தது. கரிச்சட்டியை வெளியே வைப்பதற்கோ செலவில்லை.

இனி, கடையில் விற்காத அபாய மணி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டின் பல மாவட்டங்களில் மண்சரிவுகளை உண்டாக்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டே எச்சரிக்கைகளை வகுத்துள்ளது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் வெளியேற ஆயத்தம், 150ஐ எட்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற்றம்.

இதனை அளக்க அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, ஏழெட்டு அங்குல உயரத் தகரப் பேணி ஒன்று போதும். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் எட்டத்தில், வெட்டவெளியிலே சாயாமல் நிறுத்தி, காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டு அடிமட்டத்தால் அளப்பிக்கலாம். அடிமட்டத்தில் பூச்சியக் கோட்டுக்கு முன்னுள்ள வெற்றிடத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அடைமழை நாளில் காலைவரை காத்திராது இடையிடையே பார்த்தல் அவசியம். ஆயினும் பேணி நிறையவில்லையென்று வாளாவிருத்தலும் கூடாது. நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்று, நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையிலே இறுகுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்படினும் லயத்தார் அனைவரையும் எழுப்பிப் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கதவின் உட்புறத்திலே, குழந்தைக்கும் தெரியும் உயரத்தில், பெரிதாக எழுதி வைக்கலாம்.