கைநாட்டும் கையெழுத்துதான்

செங்கல் சூளை வேலை முடிந்து ஊர் திரும்பிய மூதாட்டி ஒருவரை வாக்காளர் சிறப்பு முகாமில் பார்த்தோம். மாதக்கணக்கில் வீடு பூட்டிக் கிடந்ததால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. படிவம் 6-ஐ நிரப்பித் தந்த கல்லூரி மாணவர், “ஆயாவுக்குக் கையெழுத்து வராது, நானே போட்டுடறேன்” என்றார். நல்ல மனதோடு சொன்ன சொல்தான். ஆனாலும் நாம் தடுத்தோம்.

படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பித் தரலாம். அதன் முடிவில் உள்ள உறுதிமொழி மட்டும் விண்ணப்பிப்பவருடையது. அங்கே அவருடைய கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை இருந்தால் போதும். பொய்யான உறுதிமொழி தந்தால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டால், பின்னால் கேள்வி வரும்போது சிக்கல் இருவருக்கும்தான்.

‘கைநாட்டு’ என்பதை வசைச் சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை நம் முன்னோருக்கு அடைத்தவர்களே, எழுதத் தெரியாது என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வாக்குரிமைக்கும் சொத்து, வரி, படிப்பு என்று அளவுகோல் வைத்தார்கள். 1928இல் சைமன் குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு அதை உறுதி செய்தது. 1951 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடுதான். அந்த மக்களை நம்பித்தான் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அவர்கள் அடையாளம் காண்பதற்காகவே வாக்குச்சீட்டு முறையில் சின்னங்கள் வந்தன.

தபால் வாக்கில் இன்னும் கவனம் தேவை. 85 வயது கடந்தவர்களும், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

வாக்குச்சீட்டோடு 13ஏ என்ற உறுதிமொழிப் படிவமும் வரும். அதில் வாக்காளர் கையெழுத்திட வேண்டும், அதற்கு அலுவலர் சான்றொப்பம் இட வேண்டும். எழுதத் தெரியாதவர் அலுவலர் முன்னிலையில் ரேகை வைத்து, இன்னார் வைத்ததுதான் என்று அவர் சான்றளித்தால் அதுவே கையொப்பம் என்கின்றன 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள். அலுவலர் வருவதற்கு முன்பே ரேகை வைத்துவிடக் கூடாது. உறுதிமொழி முறையாக இல்லையென்றால், எண்ணும்போது வாக்குச்சீட்டு உறையைப் பிரிக்காமலேயே தள்ளிவிடுவார்கள். யாருக்கு வாக்களித்தார் என்று பார்க்கக்கூட மாட்டார்கள்.

வாக்குச்சாவடியிலும் இதே கதைதான். 17ஏ பதிவேட்டில் கையொப்பமோ ரேகையோ வைத்த பிறகே வாக்களிக்க விடுவார்கள். “கையெழுத்துப் போடத் தெரியாதா?” என்று அங்கே யாராவது ஏளனம் செய்தால் கூச வேண்டாம். விரலை நீட்டுவது நம் உரிமை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் முன் நம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். பதிவு அலுவலரின் முடிவு தவறென்றால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் குறை இருந்தால் தலைமைத் தேர்தல் அலுவலரிடம் போகலாம். சந்தேகங்களுக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாம் நாளில் உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். சூளைக்கும் கரும்பு வெட்டவும் போய்த் திரும்பியவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கையெழுத்து இடத்தை மட்டும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

அன்று அந்த ஆயா மைப்பெட்டியில் விரலை அழுத்தித் தானே ரேகை வைத்தார். “இது செல்லுமாப்பா?” என்று கேட்டார். செல்லும் ஆயா. படித்தவர் போடும் கையெழுத்து எவ்வளவு செல்லுமோ, அவ்வளவு செல்லும்.