கற்கண்டு டப்பாவும் கூழாங்கல்லும்

டீ ஆறட்டும். அதற்குள் இந்த இரண்டு கற்களையும் கையில் வாங்கிப் பாருங்கள். ஒன்று, ஆவடியில் வீடு கட்டும் இடத்தில் கிடந்த ஜல்லி. கிரஷரில் உடைபட்டது, விளிம்பு கையைக் குத்தும். இன்னொன்று, தெருவில் கொட்டிய கிராவலில் கிடைத்த கூழாங்கல். எங்கே தடவினாலும் வழுக்கும்.

இதுவும் ஒரு காலத்தில் கூரான கல்தான். மலையிலிருந்து உடைந்து விழுந்ததை வெள்ளம் உருட்டிக்கொண்டு போயிருக்கிறது. வீட்டிலுள்ள கற்கண்டு டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்து எடுத்துக் குலுக்கினால் கட்டிகளின் மூலை மழுங்கும், அடியில் பொடி சேரும். தட்டையான முகத்துக்கு ஒரு பக்கம்தான் அடி. மூலைக்குப் பல பக்கமும் அடி. அதனால் மூலைதான் முதலில் தேயும். ஆற்றில் அந்தப் பொடிக்குப் பெயர் மணல், வண்டல். வலுவில்லாத கல் வழியிலேயே பொடியாகிவிடும். கெட்டியான கல்தான் கூழாங்கல்லாக மிஞ்சும்.

என்ன கல் என்று அறிய முதலில் நனையுங்கள், நிறம் தெளியும். கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் தெரிந்தால் கிரானைட். பால்போல் வெளுத்திருந்தால் வெங்கச்சாங்கல். சர்க்கரைக் குருணைகள் இறுகினாற்போல இருந்து, கண்ணாடித் துண்டில் கீறலும் போட்டால் குவார்ட்சைட். அதன்மேல் லென்ஸ் வைத்தால் பிறை வடிவில் நுண்ணிய வெடிப்புகள் தெரியலாம். இன்னொரு கல் மோதிய தழும்பு அது.

பூண்டிக்கு அருகே அல்லிகுழி மலையில் குடியம் குகை இருக்கிறது. அதன் பாறை முழுக்க இப்படிப்பட்ட குவார்ட்சைட் கற்கள் பதிந்திருக்கும். இன்று அந்தப் பக்கம் ஓடும் கொசஸ்தலையாறு உருட்டியவை அல்ல அவை. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்டு, மணலோடு இறுகிப் பாறையானவை. பாறை சிதைந்தபோது கற்கள் மறுபடி வெளியே வந்தன. ஆதிமனிதர்கள் அவற்றைச் செதுக்கிக் கைக்கோடரி செய்தார்கள். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்திலும், பிறகு இந்த மலையை ஒட்டிய அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள்.

அந்தப் பக்கம் போனால், ஒரு பாதி வழவழப்பாகவும் மறு பாதி செதுக்கினாற்போலவும் ஒரு கல் காலில் தட்டுப்படலாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள், பையில் போடாதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும்.