இயற்கைக்கு ஓர் இடாப்பு

கல்லூரியொன்றிலே ஒரே பெயருடைய மாணாக்கர் பலர் இருத்தல் இயல்பு. பல்லாண்டு கழித்து விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டி வரும் பழைய மாணவரை ஐயமின்றி இனங்காட்டுவது அவர் பெயரன்று. சேர்விடாப்பிலே உள்ள இலக்கமே. அவ்விலக்கம் கிடைத்ததும் பிறந்த திகதி, பயின்ற வகுப்பு, விலகிய ஆண்டு யாவும் வெளிப்படும். ஐரோப்பிய நாடுகள் தம் உயிரினங்களுக்கும் அவை வாழும் நிலங்களுக்கும் இத்தகைய இடாப்பொன்றை அமைத்துள்ளன. அதன் அமைப்பையும் பயனையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, இனத்தின் பெயர். நீர்நாயைப் பிரெஞ்சு மொழியார் 'லூத்ர்' என்பர். போலந்தார் 'வித்ரா' என்பர். பின்லாந்தார் 'சவுக்கோ' என்பர். இம்மூவரும் தனித்தனியே எழுதிய குறிப்புக்களை ஒருங்கு சேர்ப்பின் மூன்று விலங்குகள் எனவே மயங்க நேரும். சுவீடன் நாட்டறிஞர் இலின்னேயசு 1758ஆம் ஆண்டு வெளியிட்ட நூற்பதிப்பிலே விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அம்முறைப்படி நீர்நாய் எந்நாட்டிலும் 'லூத்திரா லூத்திரா' எனப்படும். ஐரோப்பியப் பட்டியலிலே அதற்கு 1355 என்னும் இலக்கமும் உண்டு.

இரண்டாவது, வாழிடம். இதற்குப் பெயரிடுதல் இன்னும் அரிது. சதுப்பு எவ்விடத்தில் முடிகின்றது, புற்றரை எவ்விடத்தில் தொடங்குகின்றது எனக் கோடு கிழித்தல் யார்க்கும் எளிதன்று. ஆதலின் கடல், கடற்கரை, உண்ணாட்டு நீர்நிலை, சதுப்பு, புன்னிலம், காடு என்றாற்போலப் பெரும்பிரிவுகள் வகுத்து, ஒவ்வொன்றையும் கிளைகளாகப் பகுத்து, அவற்றிற்குக் குறியீடுகளும் இட்டனர். சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என வகுத்துப் பின்னர் உட்பிரிவு காட்டும் இலக்கணநெறியிற் பழகிய நமக்கு இம்முறை புதிதன்று.

மூன்றாவது, காப்பிடம். 1979இல் பறவைகளுக்கும், 1992இல் வாழிடங்களுக்கும் ஏனைய உயிர்களுக்குமாக ஐரோப்பிய நாடுகள் இரு சட்டப் பணிப்புரைகளை இயற்றின. அவற்றின்வழித் தோன்றிய 'நத்தூரா 2000' என்னும் வலையமைப்பில் இன்று ஏறக்குறைய 27,000 இடங்கள் உள. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் இவை நூற்றுக்கு 18 பங்களவாகும். எந்த இடமாயினும் அதன் அமைவு, பரப்பு, வாழிடவகை, உயிரினம், எதிர்நோக்கும் கேடு ஆகியவை ஒரேவகைப் படிவத்திற் பதியப்படுகின்றன.

இம்மூன்றையும் பிணைப்பதே 'யூனிசு' என்னுந் தகவற்றொகுதி. கொப்பன்கேகன் நகரிலுள்ள ஐரோப்பியச் சுற்றாடல் முகவரகம் இதனைப் பேணுகின்றது. நீர்நாயின் பெயரைக் கொண்டு தேடுவார் அது காக்கப்படும் இடங்களை அறிவர்; ஓர் இடத்தைக் கொண்டு தேடுவார் அங்குள்ள இனங்களை அறிவர்.

இவ்வளவு முயற்சியும் எதற்கு என வினவுவார்க்கு ஒரு வழக்கு விடை தரும். 1989இல் பறவையியலார் ஐரோப்பாவிலே பறவைகளுக்கு இன்றியமையாத இடங்களைத் தொகுத்துப் பட்டியலிட்டனர். அதிலே நெதர்லாந்தில் 70 இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. அந்நாட்டரசு காப்பிடமாக அறிவித்தவையோ 23 மட்டுமே. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றிற்குச் சென்றது. அப்பட்டியல் சட்டமன்று, ஆயினும் அதனை மறுக்கத்தக்க வேறு அறிவியற் சான்று எதனையும் அரசு முன்வைக்கவில்லை. ஆதலின் மன்று பட்டியலையே அளவுகோலாகக் கொண்டு, 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு தன் கடமையிற் தவறியது எனத் தீர்ப்பளித்தது. வாய் பேசாப் பறவைகளுக்கு அன்று சாட்சி சொன்னது ஒரு பட்டியலே.

இடாப்பு எழுதிய அளவில் யாவும் உய்ந்துவிட்டன என்று கருதுதல் தவறு. ஆறாண்டுக்கொருமுறை ஒவ்வொரு நாடும் நிலைமையை அறிவித்தல் வேண்டும். 2013 முதல் 2018 வரையுள்ள காலத்துக்குரிய அறிக்கையின்படி, வாழிட மதிப்பீடுகளில் நூற்றுக்கு 15 மட்டுமே நன்னிலை எனப்பட்டன. 'அறியப்படவில்லை' எனக் குறிப்பதற்கும் அவ்வறிக்கையில் ஒரு பிரிவு உண்டு. தெரியாததைத் தெரியாது என எழுதும் நேர்மை இருப்பதனாலேயே ஏனைய பதிவுகளும் நம்பத்தக்கனவாகின்றன.

ஐரோப்பாவிலே பறவைகளைக் கணக்கெடுப்போரிற் பலர் ஊதியம் பெறாத ஆர்வலர். கண்டதன் பெயர், கண்ட இடம், கண்ட நாள் ஆகிய மூன்றையும் பிழையற எழுதிவைத்தலே அவர்தம் பணி. அம்மூன்றில் ஒன்று குறையினும் அக்குறிப்பு இடாப்பில் ஏறாது என்பதை இளைய மாணாக்கர் உளங்கொள்வாராக.